நல்ல வேலைக்காரனை வெளியே சொல்லாதே

என் வாய் கொஞ்சம் நீளம். அதை நானே ஒத்துக்கொள்வேன். மற்றவர்கள் சொன்னால்தான் கோபம் வரும். கோயமுத்தூர் கணபதியில் எட்டு லேத்தும் இரண்டு சி.என்.சி. மிஷினும் வைத்துப் பட்டறை நடத்துகிற பொம்பளைக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால், மிஷினோடு சேர்த்துத் தரையில் பூசிய சிமென்டையும் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். நாச்சியம்மாள் பட்டறை என்று கேட்டால் எங்கள் தெருவில் நாய்கூட வழி காட்டும்.

எங்கள் தொழிலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. நல்ல வேலைக்காரனை வெளியாள் முன்னால் புகழக்கூடாது. புகழ்ந்தால் அடுத்த திங்கட்கிழமை அவன் வேறு பட்டறையில் நின்று ஷாப்டு கடைந்துகொண்டிருப்பான். ஆகவே யாராவது வந்து "அந்தத் தம்பி எப்படிங்க?" என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்க வேண்டும். "அவனுங்களா? என்னமோ இருக்கறான். வேற ஆள் கெடைக்கோணுமில்லீங்க" என்று சலித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவனைக் கழற்றிவிட வேண்டுமென்றால் மட்டும் வாயாரப் புகழலாம். 'கடுமையான உழைப்பாளி' என்று நாங்கள் சொன்னால் அவனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது என்று பொருள். 'எறும்பாட்டம் சுறுசுறுப்பு' என்றால் பட்டறை முழுக்கச் சுற்றுவான், தன் மிஷினில் மட்டும் நிற்க மாட்டான். 'தங்கமான பையன்' என்று கேள்விப்பட்டால் யாரும் கிட்டவே சேர்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு முதலாளி ஒருவனை நாலு பேர் முன்னால் 'சோம்பேறி' என்று திட்டினால், அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

என்னிடம் அப்படி ஒரு சோம்பேறி உண்டு. பெயர் அய்மன். இருபத்தொன்பது வயது. பதினோரு வருடமாக என் பட்டறையில் லேத் ஓட்டுகிறான். அப்பா இல்லை, உக்கடத்தில் அம்மா சாஜிதா பேகத்தோடு இருக்கிறான். காலை எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு வந்து மிஷினைத் துடைப்பான். அவனை நான் திட்டாத நாள் கிடையாது. வெளியாள் இருக்கும்போது திட்டித் திட்டிப் பழகி, யாரும் இல்லாதபோதும் அதே வாய்தான் வந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வினை வந்து சேர்ந்தது.

எங்கள் தெருக்கோடியில் பொங்கியண்ணன் என்று ஒருவர் பெரிய பட்டறை வைத்திருக்கிறார். புதிதாக ஏசி ஹால் கட்டிவிட்டு, அதில் நிறுத்த நல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார். முந்தின வாரம்தான் அவர் அனுப்பிய ஆள் ஒருவன் என் பட்டறைக்கு வந்து அய்மனை நோட்டம் விட்டுப் போயிருந்தான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் பாய் ஒருவர், துணியில் சுற்றிய பழைய ஷாப்டு ஒன்றோடு உள்ளே வந்தார்.

"ஏனுங்கம்மா, பஞ்சு அடிக்கற மிஷின் ஷாப்டுங்க. தேய்ஞ்சுபோச்சு. இதே அளவுல ஒண்ணு கடைஞ்சு தருவீங்களா?"

"வெச்சுட்டுப் போங்க பாய். வெள்ளிக்கெழமை வாங்கிக்கலாம்."

வைத்தார், போகவில்லை. அவர் பார்வை அய்மன் மேலேயே இருந்தது.

"அந்தத் தம்பிதான் கடைவாருங்களா? நல்லா வேலை செய்வாருங்களா?"

எனக்குப் பொறி தட்டியது. ஓகோ, பொங்கியண்ணன் இந்தத் தடவை வயசான ஆளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாரா!

"வேலையா? அதையேன் கேக்கறீங்க பாய்" என்று ஆரம்பித்தேன். "சுத்தச் சோம்பேறிங்க. காத்தால எட்டு மணிக்கு வரச்சொன்னா பத்துக்கு வருவான். ஒரு ஷாப்டுக்கு மூணு நாள் ஆக்குவான். மத்தியானம் ஒரு போசி சோத்தத் தின்னுபோட்டு மிஷின் மேலயே சாஞ்சுக்குவான்."

பாய் முகம் மாறியது. "குணம் எப்படிங்க?" என்றார் மெல்ல.

குணமா! ஆள் பிடிக்க வந்தவன் குணத்தையும் கேட்கிறானே, பலே கில்லாடி என்று நினைத்துக்கொண்டு கடைசி ஆணியையும் அடித்தேன். "பொறுப்புங்கறது மருந்துக்கும் கெடையாதுங்க. பொழுதன்னிக்கும் போன்தான். நாளைக்கு ஒரு குடும்பம்னு வந்தா எப்படித்தான் காப்பாத்தப்போறானோ. அவங்கம்மா பாவம்."

"ரொம்ப நல்லதுங்கம்மா. உள்ளதச் சொன்னீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார் பாய். ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் நான் அன்றைக்கு ஒரு டீ அதிகமாகக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஷாப்டு தயாராகிவிட்டது. வாங்கிப் போக அவர் வரவில்லை. அய்மனும் சரியில்லை. மிஷினை ஓட்டிக்கொண்டே ஏதாவது பாட்டை முணுமுணுப்பவன் வாயே திறக்கவில்லை. "ஏன்டா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றால் "ஒண்ணுமில்லீங்க்கா" என்றான். திங்கட்கிழமை காலையில் சாஜிதா பேகம் பட்டறைக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, எம் பையன் மேல உங்களுக்கு என்னங்க கோவம்?"

"எனக்கென்ன சாமி கோவம்?"

"கோட்டைமேட்டுல மெத்தைக்கடை வெச்சிருக்கற ரசாக் பாய் பொண்ணு ரம்ஷாவ இவனுக்குப் பேசியிருந்தோமுங்க. ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு. முடிவாகட்டும், அக்காகிட்ட ஸ்வீட்டோடயே போய்ச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். பாய் கடைசியா வேலை செய்யற எடத்துல ஒரு வார்த்தை விசாரிச்சுக்கலாம்னு வந்தாராம். நீங்க சோம்பேறி, பொறுப்பில்லாதவன், குடும்பத்தக் காப்பாத்த மாட்டான்னு சொன்னீங்களாம். பொண்ணு தர முடியாதுன்னுட்டாங்க."

அடக் கடவுளே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் கொடுக்கிறவர்கள் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானே பல்லடம் வரைக்கும் போய், முட்டை வாங்குகிற ஆள் மாதிரி ஒரு கோழிப் பண்ணையில் நின்று விசாரித்தவள்தான். என் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்தது?

"அவனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க. 'அக்கா எப்பவும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க'ன்னு சிரிச்சான். நீயாவது போய் எடுத்துச் சொல்லுடான்னேன். 'நானே போய் என்னைய நல்லவன்னு சொல்லிக்க முடியுமா'ன்னு கேக்கறான். மூணு நாளாச் சோறு எறங்கல அவனுக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கெடுத்த வாயே கட்டி வைக்கட்டும் என்று சொல்லி, கடைந்து வைத்த ஷாப்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

கோட்டைமேட்டில் அந்த மெத்தைக்கடை முழுக்கப் பஞ்சுத் தூசி. ரசாக் பாய் ஒரு தலையணையைத் தைத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் இருபத்திநாலு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே தெரிந்தது, ரம்ஷாதான். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பொங்கியண்ணன், ஏசி ஹால், எங்கள் தொழிலின் சட்டம், என் நீள வாய், எல்லாவற்றையும். அய்மனைப் போல ஒருவன் கோயமுத்தூரிலேயே கிடையாது என்று முடித்தேன்.

பாய் ஊசியை வைத்துவிட்டு ஷாப்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்குது. ஆனாலுங்கம்மா, அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. எதுங்க நெசம்? எங்களுக்கு ஒரே பொண்ணுங்க."

"இன்னிக்குச் சொல்றதுதானுங்க நெசம்!"

"நீங்க அன்னிக்குச் சொன்னப்பவும் இப்படித்தானுங்க அடிச்சுச் சொன்னீங்க."

அப்போது கல்லாவிலிருந்து ரம்ஷா பேசினாள்.

"அத்தா, இவங்க யாருக்குப் பயந்து பொய் சொன்னாங்களோ, அவங்க முன்னாடியே நெசத்தச் சொல்லட்டுங்க. நாம கூட இருந்து கேப்போம். அப்ப நம்பலாமில்ல?"

கெட்டிக்காரி! என் தொண்டையில் கத்தியை வைத்துவிட்டுப் புன்னகை வேறு செய்கிறாள். பொங்கியண்ணன் முன்னால் அய்மனைப் பற்றி உள்ளதைச் சொல்வதென்றால், வீட்டுச் சாவியை எடுத்துத் திருடன் கையில் கொடுப்பது மாதிரி. சொன்னால் பட்டறையின் வலது கை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பையனின் கல்யாணம் போகும். வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? அவன் பதினோரு வருடம் எனக்காக மெனக்கெட்டவன். நான் அவனுக்காக மெனக்கெட வேண்டியது ஒரு நாள்தான்.

மறுநாள் பதினோரு மணிக்கு எங்கள் தெரு டீக்கடையில் வழக்கம்போலப் பட்டறை முதலாளிகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பொங்கியண்ணன் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நான் போனில் சொன்னபடி ரசாக் பாயும் ரம்ஷாவும் வந்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னம்மணி, இன்னிக்கு நேரமே வந்துட்டீங்க?" என்றார் பொங்கியண்ணன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அண்ணா, என்ற பட்டறை அய்மன் இருக்கறானில்லீங்க? கடுமையான உழைப்பாளிங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறும்பாட்டம் சுறுசுறுப்புங்க" என்றேன். யாரோ இருமினார்கள். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "தங்கமான பையனுங்க!"

கடையே கொல்லென்று சிரித்தது. "ஏனம்மணி, அவனையும் எங்க தலைல கட்டித் தாட்டி உடப் பாக்கறீங்களா? அப்படி என்னத்தப் பண்ணிப்போட்டான்?" என்றார் பொங்கியண்ணன். "எங்களுக்கு வேண்டாஞ் சாமி, நீங்களே வெச்சுக்குங்க!" என்றார் இன்னொருவர்.

ஓரத்து பெஞ்சில் ரசாக் பாயின் முகம் சுருங்கியது. ரம்ஷா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வந்ததே கோபம்! வருடக்கணக்காகப் பொய்க்கே பயன்படுத்தி அழுக்காக்கிய வார்த்தைகள், உண்மையைச் சொல்லும்போது ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கண்ணாடி டம்ளரை டொக்கென்று மேசையில் வைத்தேன்.

"சிரிக்காதீங்க! சொல்றதக் கேட்டுப்போட்டுச் சிரிங்க. போன ஆடி மாசம் பல்லடத்துத் தறிக்காரருக்கு நாப்பது ஷாப்டு. பொழுதோட அஞ்சு மணிக்கு டெம்போல ஏத்தி அனுப்பியாச்சு. எல்லாரும் கெளம்பியாச்சு. இவன் மட்டும் மைக்ரோமீட்டரத் தொடச்சு உள்ள வெக்கறப்ப, அது மத்தியானம் கை தவறிக் கீழ உழுந்தது ஞாபகம் வந்திருக்குது. அளவு தப்பாக் காட்டியிருந்தா என்ன பண்றதுன்னு வேற ஒண்ணை வெச்சுப் பாத்திருக்கறான். இருவது மைக்ரான் வித்தியாசம். எனக்குக்கூடச் சொல்லல. பைக்கை எடுத்துட்டு டெம்போவத் தொரத்திட்டுப் போயி, சூலூர்ல மறிச்சு, ஒரு பேக்கரி வாசல்ல நாப்பதையும் எறக்கி ஒவ்வொண்ணா அளந்திருக்கறான். அஞ்சு தப்பு. அந்த அஞ்சை மட்டும் பைக்ல கட்டிட்டுத் திரும்பி வந்து, காத்தால அஞ்சு புதுசு கடைஞ்சு வெச்சுட்டுத்தான் எங்கிட்டச் சொன்னான்."

யாரும் சிரிக்கவில்லை. பொங்கியண்ணன் கையிலிருந்த வர்க்கி ஊறி டீக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அந்த அஞ்சும் போயிருந்தா தறிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"எங்கீங்க தெரியும்? ஆறு மாசம் கழிச்சுத் தேய்ஞ்சிருக்கும். பழி தறி மேலதான் போயிருக்கும்."

"கீழ போட்டதை யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒருத்தரும் பாக்கலீங்க. அவனேதான் சொன்னான். அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? 'மைக்ரோமீட்டர ஏன்டா கீழ போட்டே'ன்னு திட்டினேன்." சொல்லும்போதே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நல்லா செஞ்சேடான்னு ஒரு வார்த்தை சொல்லலீங்கண்ணா. சொன்னா உங்க காதுக்கு வந்துடும்னு பயம்."

பொங்கியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மணி, நாளைக்கே அவனை அனுப்புங்க. புது ஹாலுக்குப் போர்மேனாப் போட்டுக்கறேன். கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு? நானே ஊடு பாத்துக் குடுத்துடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரத்து பெஞ்சிலிருந்து ரசாக் பாய் எழுந்துவிட்டார்.

"கல்யாணம் இன்னும் ஆகலீங்க. எங்க பொண்ணுக்குத்தானுங்க பேசிட்டிருக்கறோம்" என்றார். அதை அவர் சொன்ன மிடுக்கைப் பார்த்தால், அய்மனை அவரே பெற்று வளர்த்தார் போலிருந்தது. நூறு நல்ல வார்த்தை நான் சொல்லியும் நம்பாத மனுஷன், பொங்கியண்ணனின் பேராசையைப் பார்த்ததும் நம்பிவிட்டார்! ரம்ஷா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போறோமுங்க" என்றார் பாய். அவர்களை அழைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தேன். பாய் வாசலில் செருப்பைக் கழற்ற நின்றார். பட்டறைக்கு எதற்குங்க என்று சொல்லிவிட்டு நான் முதலில் உள்ளே போனேன்.

அய்மன் தன் டூல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

அவன் நிமிரவில்லை. "மிஷினத் தொடச்சு வெச்சுட்டேனுங்க்கா. நாலு ஷாப்டு பாக்கி. அளவெல்லாம் போர்டுல எழுதிப்போட்டேன், யார் வந்தாலும் கடைஞ்சுக்கலாம்."

"எங்கடா கெளம்பறே?"

"லோடு வந்திருக்குதுன்னு உங்களக் கூப்பிட டீக்கடைக்கு வந்தேனுங்க. என்னையத் தங்கமான பையன்னு சொல்லிட்டிருந்தீங்க. திரும்பி வந்துட்டேன்." பெட்டியின் மூடியை அழுத்தி மூடினான். "போன வருசம் எங்கூட வேலை செஞ்ச மனோஜ்குமார அதே எடத்துல நின்னுதானுங்க தங்கமான பையன்னீங்க. பத்து நாள்ல அவன் இங்க இல்ல. நான் என்ன தப்புப் பண்ணினேங்க்கா? சொல்லுங்க, திருத்திக்கறேன்."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நான் அவனைப் புகழ்ந்திருக்கிறேன். அதைக் கேட்டு அவன் மூட்டை கட்டுகிறான்! இப்படி ஒரு முதலாளி எந்த ஊரிலாவது இருப்பாளா?

"அட கிறுக்கா! உன்னையத் தாட்டி உடறதாவது! நீ இல்லாட்டி இந்தப் பட்டறை ஒரு நாள் ஓடுமாடா? உன்னையாட்ட ஒரு வேலைக்காரன நான் எங்கயும் பாத்ததில்ல. சூலூர் போயிட்டு வந்தன்னிக்கே சொல்லியிருக்கோணும். எவனாச்சும் கூட்டிட்டுப் போயிடுவானோங்கற பயத்துல சொல்லல. என்ற தப்புடா, சாமி."

மூலையில் கம்ப்ரசர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அய்மன் காதருகே கையை வைத்துக்கொண்டான்.

"என்னங்க்கா? கம்ப்ரசர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க."

அவன் உதட்டோரம் லேசாகத் துடித்தது. படவா, எல்லாம் கேட்டிருக்கிறான்!

"நடிக்காதடா. ஒருக்காதான் சொல்லுவேன்."

அப்போது என்னைத் தாண்டிக்கொண்டு ரம்ஷா உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் அய்மனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அவனைப் பார்க்காமல் நேராகச் சுவர்ப் பக்கம் போனாள். ஸ்விட்சுகளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, சரியானதைக் கண்டுபிடித்துத் தட்டினாள். கம்ப்ரசர் நின்றது. என்னவோ ஏதோ என்று மற்ற லேத்துக்காரர்களும் மிஷினை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். வாசலில் ரசாக் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்பச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் ரம்ஷா.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. டீக்கடையில் ஊரார் முன்னால் சொன்னதுகூடச் சுலபம். இத்தனை அமைதியில், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வது எனக்கு மலையாக இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் முதலிலிருந்து சொன்னேன். இன்றிலிருந்து இந்தப் பட்டறைக்கு நீதான்டா போர்மேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அய்மன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே பெட்டியைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் மிஷின் மேல் அடுக்கினான்.